கேள்விக்குறி போட்ட ஒரு செய்தி: புத்தளம் கரையும் யுரேனியத் தேடலும்

பழைய பத்திரிகை நறுக்குகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது மஞ்சளாகிப்போன ஒரு துண்டு அண்மையில் கையில் அகப்பட்டது. 1995ஆம் ஆண்டு, உட்பக்கம் ஒன்றில், இரண்டு பத்தி அகலத்தில் வெளிவந்த செய்தி. "புத்தளம் கரையில் யுரேனியம்?" என்பது தலைப்பு. எழுதியவன் நான். முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட என் பத்திரிகை வாழ்வில், திரும்ப எடுத்துப் படிக்க மனம் கூசும் செய்திகள் சில உண்டு. அவற்றுள் இது முதலாவது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் வந்து தங்கிய இடம் புத்தளம் மாவட்டம். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை நீளும் அந்த ஒடுங்கிய மணல் தரையில், தென்னந்தோப்புகளுக்கு இடையே, கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக நின்ற காலம் அது. முகாம்களின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி எழுதவென்றுதான் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை கடற்கரைப் பக்கமாக நடந்தபோது சிறு கூட்டம் ஒன்றைக் கண்டேன். அரச உத்தியோகத்தர் போலத் தோன்றிய இருவர் மணலை அள்ளிப் பைகளில் இட்டுக்கொண்டிருந்தனர். ஒருவரின் தோளில் ஒரு பெட்டி தொங்கியது. கரும்பட்டையாக மணல் படிந்திருந்த இடத்துக்கு அருகே அதைக் கொண்டுபோனதும், அது எழுப்பிய 'டிக் டிக்' ஒலி விரைந்தது. சிறுவர்கள் ஆரவாரித்தனர். "யுரேனியம் தேடுறாங்களாம்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார். நான் அந்த உத்தியோகத்தரிடம் கேட்டேன். "கனிய மணல் பார்க்கிறோம், அறிக்கை பிறகு வரும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் வேலையில் மூழ்கிவிட்டார்.

அவர்கள் எந்தத் திணைக்களம் என்று நான் கேட்கவில்லை. பெட்டி காட்டிய எண் என்ன, வழமையான இடத்தில் அது எவ்வளவு, ஒலி எதனால் கூடுகிறது என்று எதையும் கேட்கவில்லை. கொழும்புக்குத் திரும்பிச் செய்தியை எழுதினேன். குடிநீர்க் கட்டுரையை விட அதற்கே பத்திரிகையில் நல்ல இடம் கிடைத்தது.

இரண்டு மாதங்களின் பின்னர் அதே முகாமுக்குச் சென்றேன். முசலிப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெரியவர், முதல் பயணத்தில் எனக்கு அறிமுகமானவர், கொட்டில் வாசலில் அமர்ந்திருந்தார்.

"தம்பி, பேப்பர்ல அத எழுதினது நீங்கதானே?"

"ஓம் நானா."

"மண்ணுக்குள்ள அப்பிடி ஒண்டு இரிக்கிண்டா கவர்மெண்ட் எடுக்குந்தானே. ஒருக்கா எங்கள எழுப்பிட்டாங்க. திரும்பவும் எழுப்பினா எங்க போறது? அதான் வளவ விட்டுட்டேன்."

மனைவியின் காப்புகளை விற்று, பத்துப் பேர்ச்சஸ் வளவு ஒன்றுக்கு அவர் முற்பணம் கொடுத்திருந்தார். செய்தியைப் படித்துப் பயந்து, வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருக்கிறார். முற்பணத்தைக் காணிக்காரர் திருப்பித் தரவில்லை. பெரியவர் என்மீது கோபப்படவும் இல்லை. பேத்தியை அழைத்து எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தரச் சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்து திருத்தம் ஒன்று போடலாமா என்று கேட்டேன். "என்னத்தைத் திருத்துவது? நாங்கள் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்தானே" என்றார் மேசைக்குப் பொறுப்பானவர். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் நான். எங்கள் பாடப்புத்தகங்கள் 'கதிர்த்தொழிற்பாடு' என்று குறிப்பிடும் கதிரியக்கத்தைப் பற்றி அன்று எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்குப் பிற்காலத்தில் படித்தும் உசாவியும் அறிந்துகொண்ட விடைகளையே இங்கே எழுதுகிறேன்.

ஆனந்த குமாரசுவாமியின் கறுப்புக் கல்

இலங்கையில் கதிரியக்கக் கனியங்களின் வரலாறு ஒரு தமிழ்ப் பெயருடன் தொடங்குகிறது. கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராவதற்கு முன்னர் ஒரு புவிச்சரிதவியலாளர். சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்றவர். 1903இல் இலங்கையில் கனிய அளவை நிறுவப்பட்டபோது அதன் முதலாவது பணிப்பாளராக அவரே பொறுப்பேற்றார். 1906 வரை அப்பதவியில் இருந்தார்.

அக்காலத்தில் சபரகமுவையின் பலாங்கொடைப் பகுதியில் மாணிக்கக்கல் கழுவுவோரின் கூடைகளில், கறுப்பு நிறமான, சிறிய கனசதுர வடிவக் கற்கள் தங்கின. அளவுக்கு மீறிய பாரம் உடையவை. யுரேனியக் கனியமாக இருக்கலாம் என்ற எண்ணத்துடன் குமாரசுவாமி அவற்றை லண்டனிலுள்ள இம்பீரியல் நிறுவகத்துக்குச் சோதனைக்காக அனுப்பினார். அங்கே வின்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது, முக்கால் பங்குக்கு அண்மையாகத் தோரியம் ஒட்சைட்டு இருப்பதும் யுரேனியமும் கணிசமாகக் கலந்திருப்பதும் தெரியவந்தது. உலகம் அதுவரை அறியாத கனியம் அது. 1904இல் அதற்குத் தோரியனைற் என்று பெயர் சூட்டப்பட்டது.

அன்று தோரியத்துக்கு விலை இருந்தது அணுகுண்டுக்காக அல்ல, விளக்குக்காக. ஒஸ்திரியரான கார்ல் அவர் வொன் வெல்ஸ்பாக் 1891இல் செப்பனிட்ட காஸ் விளக்கு மென்டில், 99 வீதம் தோரியம் ஒட்சைட்டும் ஒரு வீதம் சீரியம் ஒட்சைட்டும் கொண்டது. ஐரோப்பிய நகரங்களின் தெருவெல்லாம் அந்த ஒளிதான். பின்னாளில் எங்கள் ஊர்த் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் இரைந்துகொண்டு எரிந்த பெற்றோல்மக்ஸ் விளக்கின் மென்டிலும் அதே இனந்தான். நெருப்புப் பட்டதும் வெள்ளைச் சாம்பல் கூடாக நின்று ஒளிர்ந்த அந்தப் பட்டுத் துணியில் கதிரியக்கப் பொருள் இருந்தது என்பதை அன்று எங்களில் யாரும் எண்ணியும் பார்த்ததில்லை.

இலங்கைத் தோரியனைற் இன்னொரு விதத்திலும் வரலாற்றில் இடம்பெற்றது. 1904இல் லண்டனுக்கு வந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மன் வேதியியலாளரிடம், சேர் வில்லியம் றாம்சே, இலங்கையிலிருந்து வந்த தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளைக் கொடுத்து, ரேடியத்தைப் பிரித்தெடுக்கும்படி கூறினார். ஹான் 1905இல் அதிலிருந்து பிரித்தெடுத்தது ரேடியத்தை மட்டுமன்று, ரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளையுமே. சேதன வேதியியலாளராக வந்தவர் கதிரியக்க வேதியியலாளராக மாறிய இடம் அது. 1938இல் யுரேனிய அணு பிளவுபடுவதை ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து கண்டறிந்தவர் அதே ஹான்தான். பூமியின் வயதை ஹீலியத்தின் அளவைக் கொண்டு கணிக்க முயன்ற ஆர். ஜே. ஸ்ட்ரட்டும் இலங்கைத் தோரியனைற்றைப் பயன்படுத்தினார்.

ஒரு நுட்பத்தை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். இலங்கைக் கல்லில் யுரேனியம் இருந்தது, ஆனால் முதன்மையானது தோரியம். நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தத் தீவின் கதிரியக்கக் கனிய வரலாற்றை ஒரே வரியில் சொல்வதானால் இதுதான். 1995இல் எனக்குத் தெரியாதிருந்ததும் இதுவே.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

தோரியனைற்றின் புகழ் நீடிக்கவில்லை. 1909இல் ஷொம்பேர்க் என்ற ஜேர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றுப் பொருளில் ஒட்டியிருந்த மணலில் மொனசைற் பளபளப்பதைக் கண்டார். அந்தத் தடத்தைப் பின்பற்றி மணவாளக்குறிச்சிக்கு வந்து மணல் பிரிக்கும் ஆலையை அமைத்தார். மாணிக்கக் கூடைகளில் பிடிபிடியாகச் சேர்த்த தோரியம், கடற்கரையில் தொன் கணக்கில் கிடைக்கத் தொடங்கியது. 1945இன் பின் அதே மணல் அரசுகளின் விவகாரமாயிற்று. திருவிதாங்கூர்த் திவான் சி. பி. இராமசாமி ஐயர் 1947இல் பிரித்தானியருடன் மொனசைற் உடன்பாடு செய்துகொள்ளும் அளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்தது.

படத்தை விரித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மணவாளக்குறிச்சி, கூடங்குளம், கற்பிட்டி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், எட்டுப் பாகைக்குச் சற்று வடக்கே உள்ளன. கற்பிட்டியிலிருந்து நேர் மேற்கே சுமார் 225 கிலோமீற்றர் கடலைத் தாண்டினால் கூடங்குளம். இரு கரைகளின் அடித்தளப் பாறைகளும் பழங்காலத்தில் ஒரே நிலத்திணிவின் பகுதிகளாக இருந்தவை.

மனிதர்களும் இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தார்கள். இமயமலை ஆய்வுகளால் புகழ்பெற்ற இந்தியப் புவிச்சரிதவியலாளர் டி. என். வாடியா, 1938இல் இலங்கை அரசின் கனியவியலாளராகப் பதவியேற்றுச் சில ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். 1949இல் இந்தியா அணுக் கனியங்களைத் தேடுவதற்கென ஒரு பிரிவை அமைத்தபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்தப் பிரிவின் வழித்தோன்றலே இன்றைய அணுக் கனியங்கள் இயக்ககம்.

கடல் செய்யும் சல்லடை

இனிப் புத்தளம் கரைக்கு வருவோம். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. ஆனால் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரையான கரையோரம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அருவக்காட்டில் வெட்டியெடுத்துப் புத்தளம் சீமெந்து ஆலைக்குக் கொண்டுசெல்லப்படுவது இந்தக் கல்லே. சுண்ணாம்புக்கல்லில் கதிரியக்கம் பொதுவாக மிகக் குறைவு. அப்படியாயின் பெட்டியை ஒலிக்கச் செய்தது எது?

உள்நாட்டுப் பாறைகள் காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் உக்கி, தெதுறு ஓயா, மீ ஓயா, கலா ஓயா போன்ற ஆறுகள் வழியே மணலாகக் கரையை அடைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அந்த மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. கற்பிட்டிக் குடாநாடே இவ்வாறு வடக்காக நீண்ட மணல் தரைதான். சாதாரண வெண்மணலின் அடர்த்தி, தண்ணீரைப்போல் 2.65 மடங்கு. இல்மனைற், சிர்கோன் ஆகியவை நாலரை மடங்குக்கு மேல். மொனசைற் ஏறத்தாழ ஐந்து மடங்கு. திரும்பிச் செல்லும் அலை இலேசான மணலை இழுத்துச் செல்ல, பாரமான துணிக்கைகள் கரையில் தங்கிவிடுகின்றன. சுளகில் அரிசி புடைக்கும் பெண்கள் செய்வதைத்தான் கடலும் செய்கிறது. அந்தக் கரும்பட்டைகள் இப்படித் தோன்றுகின்றன.

வடக்கே வில்பத்துக் காட்டின் விளிம்பில், கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையின் செம்மண் மேடும் இதனுடன் தொடர்புடையது. சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த அந்தச் செம்மணலிலும் இல்மனைற் முதலிய பாரக் கனியங்கள் கலந்துள்ளன. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதாக இராது. அங்கும் செம்மணல், அங்கும் இல்மனைற். அங்குள்ள தேரிகளுள் ஒன்றின் பெயர் குதிரைமொழித் தேரி என்பது தற்செயலாக இருக்கலாம். படிக்கும்தோறும் எனக்கு வியப்பைத் தருகிறது.

இந்த வகையில் இலங்கையின் மிகப் பெரிய படிவு வடகிழக்கே புல்மோட்டையில் உள்ளது. அதற்காகவே 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அங்கே மணலின் பெரும்பங்கு இல்மனைற். தேடப்படுவது அதிலுள்ள தைத்தானியம், அதாவது வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சின் மூலப்பொருள். மொனசைற் அந்த மணலில் ஒரு வீதத்துக்கும் குறைவு. தென்மேற்கே பேருவளைக் கரையில் சில இடங்களில் மொனசைற் செறிவாக உள்ளது. அங்கே கதிரியக்கம் இயல்பைவிடக் கூடுதல் என்பதும் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக அறிந்ததே.

பெட்டி எதை எண்ணுகிறது?

கதிரியக்க அளவை என்பதன் அடிப்படை எளியது. மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகிய மூன்றும் உள்ளன. சராசரியாக ஒரு தொன் பாறையில் யுரேனியம் ஏறத்தாழ 3 கிராமும் தோரியம் ஏறத்தாழ 10 கிராமும் உண்டு. இவற்றிலிருந்தும் இவற்றின் வழித்தோன்றல்களிலிருந்தும் காமா கதிர்கள் வெளிவருகின்றன. சோடியம் அயடைட்டுப் பளிங்கு ஒன்றில் அக்கதிர் பட்டால் மிகச் சிறிய ஒளிப்பொறி தோன்றும். அந்தப் பொறிகளை மின்துடிப்புகளாக்கி எண்ணுவதே கருவியின் வேலை.

எளிய கருவி மொத்த எண்ணிக்கையை மட்டும் சொல்லும். எந்த மூலகம் என்று சொல்லாது. அதைச் சொல்வதற்குக் கதிரின் சக்தியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வேண்டும். பொட்டாசியத்தின் கதிர் 1.46 மில்லியன் இலத்திரன்வோல்ற்றில் தெரியும். யுரேனியத்தை அதன் வழிவந்த பிஸ்மத்-214 தரும் 1.76 என்ற சக்தியிலும், தோரியத்தை அதன் வழிவந்த தாலியம்-208 தரும் 2.62 என்ற சக்தியிலும் அடையாளம் காண்பார்கள். 1995இல் நான் கண்ட பெட்டி எந்த வகை என்பதைக்கூட நான் குறித்துக்கொள்ளவில்லை. டிக் டிக் ஒலியைக் கேட்டு யுரேனியம் என்று எழுதுவது, நாய் குரைப்பதைக் கேட்டு வாசலில் நிற்பவரின் பெயரை எழுதுவதற்குச் சமம்.

இன்னும் சில வரையறைகள் உண்டு. கருவிக்கு எட்டும் கதிர், நிலத்தின் மேற்பரப்பில் அரை மீற்றருக்கும் உட்பட்ட ஆழத்திலிருந்தே வருகிறது. அதன்கீழ் என்ன இருந்தாலும் மேல்மண் மறைத்துவிடும். நீரும் மறைக்கும். மழை பெய்து நனைந்த நிலத்தில் எண்ணிக்கை குறையும். ஆகவே ஓரிடத்தில் எண் கூடியிருந்தால் அது தேடலின் தொடக்கம் மட்டுமே. அதன் பின் மாதிரிகள், ஆய்வுகூடம், துளையிடல், கணக்கு என்று ஆண்டுகள் செல்லும். பெரும்பாலான தேடல்கள் "பயன்படுத்தத்தக்க அளவில் இல்லை" என்ற முடிவோடு அலுமாரிக்குள் போய்விடும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இந்திய மொனசைற்றில் தோரியம் ஒட்சைட்டு 8 முதல் 10 வீதம் வரை, யுரேனியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 0.35 வீதம். ஒரு தொன் கடற்கரை மணலில் 3 கிலோகிராம் மொனசைற் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் தோரியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 270 கிராம், யுரேனியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 10 கிராம். 1951இல் யுரேனியம் கண்டறியப்பட்டு 1967 முதல் சுரங்கம் இயங்கும் ஜார்க்கண்டின் ஜாதுகூடாவை, உலக அளவில் மிகத் தரங்குறைந்த தாதுக்களுள் ஒன்று என்பார்கள். அங்கேயே ஒரு தொன்னுக்கு 500 கிராம் அளவில் உண்டு. எங்கள் கரும்பட்டையில் யுரேனியம் இருந்ததா என்றால், உலகின் எந்த மண்ணிலும் இருப்பதுபோல் இருந்திருக்கும். சுரங்கம் வெட்டுவதற்கு அது யுரேனியமே அல்ல. வணிக அளவிலான யுரேனியப் படிவு எதுவும் இலங்கையில் இதுவரை அறியப்படவில்லை.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மொனசைற் மணலின் மேல் தலைமுறைகளாக மக்கள் வாழ்கின்றனர். அங்கே ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. இயற்கைக் கதிரியக்கத்தால் புற்றுநோய் கூடியதற்கான சான்றை அந்த ஆய்வு காணவில்லை. நான் எழுதிய செய்தியிலோ "மக்கள் பீதி" என்ற சொல் இருந்தது. அந்தச் சொல் அச்சான பிறகே பீதி உண்டாயிற்று.

பனிரெண்டாவையில் கிடைத்தது

புத்தளம் மாவட்டத்தில் நிலத்துக்குள் மறைந்த கனியத்தைக் கருவிகளால் கண்டறிந்த கதை உண்மையில் ஒன்று உண்டு. கதிரியக்கத்தால் அன்று, காந்தத்தால். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் வானிலிருந்து காந்தப்புல அளவை நடத்தப்பட்டது. சிலாபத்துக்கு வடகிழக்கே பனிரெண்டாவைப் பகுதியில் காந்தப்புலம் மாறுபடுவதை அது காட்டியது. நிலத்தின் மேல் எதுவும் தெரியவில்லை. துளையிட்டுப் பார்த்தபோது கீழே மக்னடைற் என்ற இரும்புத் தாது இருந்தது. சுமார் 56 இலட்சம் தொன் என்று மதிப்பிட்டார்கள்.

பாடசாலைப் புவியியலில் பனிரெண்டாவை இரும்பு என்று மனனம் செய்தவர்கள் நம்மில் பலர். ஆனால் அந்தப் படிவைச் சுற்றி ஓர் இரும்புத் தொழில் எழவில்லை. நிலத்தில் ஒரு பொருள் இருப்பது வேறு, அது தோண்டப்படுவது வேறு. இந்த எளிய வேறுபாட்டையும் எங்கள் பத்திரிகைகள் பலமுறை மறந்திருக்கின்றன. தாது என்று தெரிந்த உடனேயே செல்வம் என்று எழுதுகிறோம். கதிரியக்கம் என்று தெரிந்தாலோ ஆபத்து என்று எழுதுகிறோம். எவ்வளவு, எந்த ஆழத்தில், யாருடைய காணியில் என்ற மூன்று கேள்விகளும் விடுபட்டுவிடுகின்றன.

பெரியவரின் அச்சம்

என் செய்தி பிழை என்பதை மேற்சொன்னவை காட்டும். ஆனால் பெரியவரின் அச்சம் பிழையா? அதைப் பற்றி நான் நெடுநாள் யோசித்ததுண்டு.

புத்தளம் கரைக்கு வந்தவர்கள் எப்போதும் அதன் பொருளுக்கு ஒரு விலையோடுதான் வந்திருக்கிறார்கள். 1344இல் இபுனு பத்தூதா யாழ்ப்பாண அரசனைச் சந்தித்ததாக எழுதிய 'பத்தாலா' புத்தளமே என்பர். அங்கே கண்ட முத்தையும் கறுவாவையும் அவர் குறித்துவைத்தார். ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டினார்கள். பிறகு உப்பு, கொப்பரா, சுண்ணாம்புக்கல். நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்துக்காக மக்கள் காணிகளை விட்டு இடம்பெயர நேர்ந்தது. 2011இல் அதன் முதற்கட்டம் திறக்கப்பட்டது, இன்று அதன் திறன் 900 மெகாவாற். கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். சற்று வடக்கே மன்னாரில், கனிய மணல் அகழ்வுக்கும் காற்றாலைத் திட்டத்துக்கும் எதிராக 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

ஆகவே, தோளில் பெட்டி தொங்கவிட்டவர்களைக் கண்டதும் "திரும்பவும் எழுப்புவார்கள்" என்று ஒருவர் அஞ்சியது அறியாமையினால் அன்று. அனுபவத்தினால். நான் கொடுத்த காரணந்தான் பிழை. யுரேனியம் என்ற ஒரு சொல்லைக் காட்டி அவரை அச்சுறுத்திய நான், பின்னர் உண்மையாகவே வந்த திட்டங்கள் எவை, அவற்றுக்கு யார் அனுமதி தந்தார்கள், அந்த மக்களிடம் யார் கேட்டார்கள் என்பதையெல்லாம் அதே பெரிய எழுத்தில் எழுதினேனா? சிலவற்றை எழுதினேன், போதுமான அளவு எழுதவில்லை.

கதிரியக்கத்தைப் பொறுத்தவரையும், மணலை நோக்கிப் பெட்டியைப் பிடித்த நான் பார்க்க வேண்டியவை வேறு இடங்களில் இருந்தன. நிலக்கரியிலும் யுரேனியமும் தோரியமும் நுண்ணளவில் உண்டு. எரித்த பின் அவை சாம்பலில் செறிகின்றன. நுரைச்சோலையின் அயலவர்கள் காற்றில் வரும் சாம்பலைப் பற்றி முறையிட்டுவந்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலில் என்ன, எவ்வளவு என்ற எண் அவர்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் அவர்களைச் சென்றடைய வேண்டும். மேற்கே கடலுக்கு அப்பால் கூடங்குளத்தின் முதல் உலை 2013இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அதனையொட்டி எழுந்த கவலையால், இலங்கையின் கரைகளில் கற்பிட்டி உட்படச் சில இடங்களில் காற்றின் காமா கதிரை அளக்கும் முன்னெச்சரிக்கைக் கருவிகள் பொருத்தப்பட்டன. 1995இல் வந்து போன பெட்டியைப் போலன்றி, இது அந்த ஊரில் தங்கி எண்ணும் கருவி. அது எண்ணுவதைக் கற்பிட்டி மீனவர் ஒருவர் தம் மொழியில் படிக்க முடிந்தால், என்னைப் போன்ற ஒரு செய்தியாளன் கேள்விக்குறி போட்டு அவரைப் பயமுறுத்துவது கடினமாகும்.

பெரியவர் இப்போது இல்லை. யுத்தம் 2009இல் முடிந்த பிறகு அவரது பிள்ளைகளுள் சிலர் முசலிக்குத் திரும்பினார்கள் என்றும், ஒரு மகள் புத்தளத்திலேயே தங்கிவிட்டார் என்றும் அறிந்தேன். அவர் வாங்காமல் விட்ட வளவில் இன்று மாடி வீடு ஒன்று நிற்கிறது. அந்த வீட்டின் கீழேயும் அதே மணல்தான். அங்கே இதுவரை யாரும் எதையும் தோண்டவில்லை.

அன்று பத்திரிகையில் வெளிவராத திருத்தத்தை, காலந்தாழ்த்தியேனும் இங்கே எழுதுகிறேன். 1995இல் நான் எழுதிய அச்செய்தியில் புத்தளம் கரையில் யுரேனியம் இருப்பதாகத் தொனிக்கும்படி குறிப்பிட்டிருந்தேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. அந்தக் கரும்பட்டையில் பெட்டியை ஒலிக்கச் செய்தது, பெரும்பாலும் மொனசைற்றிலுள்ள தோரியமாகவே இருக்கும். அளவை நான் கேட்கவில்லை. அதனால் ஒரு குடும்பம் தன் வளவை இழந்தது. வருந்துகிறேன்.